தண்ணீர் அட்டை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஊருக்குக் கடிதம் எழுதிய பழக்கம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. எழுதத் தொடங்கினால் முன்னுக்குச் சொல்லவேண்டியது பின்னுக்கு வந்துவிடுகிறது. எந்த வருடம், எந்த மாதம் என்று கேட்டால் தலைக்குள் ஒன்றும் இல்லை. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருவதாக மகள் சொல்லியிருக்கிறாள். எழுத்தை மட்டும் திருத்து பிள்ளை, சொன்னதைத் திருத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே ஒரு கடித உறை இருக்கிறது. அதற்குள் ஒரு மஞ்சள் அட்டை, உள்ளங்கை அளவு. அதன் மேல்பாதியில் ஒரு பிள்ளை கீறிய தண்ணீர்க் கிளாஸ். நீலப் பென்சிலால் நிறம் தீட்டத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறாள், அதனால் கிளாஸில் அரைவாசித் தண்ணீர்தான் இருப்பதுபோலத் தெரியும். அதற்குக் கீழே 'வோட்டர்' என்று ஆங்கிலத்தில் வகுப்பு ரீச்சரின் எழுத்து. இன்னும் கீழே ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீலப் பேனாவால் ஒரு சரி போட்டிருக்கிறது. அந்த ஐந்தையும் போட்டவள் நான். ஒவ்வொரு சரிக்கும் பக்கத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, பென்சிலால் ஒரு புள்ளி. அவை ரீச்சர் வைத்தவை.

மெல்பேண் நகரத்து ஸ்பிரிங்வேலில் இருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலம் போனால் அந்தப் பள்ளிக்கூடம் வரும். அங்கே நான் துப்புரவு வேலை செய்தேன். ஆசிரியர்களின் குசினியும் என் பொறுப்பு. கோப்பை கழுவுவது, பால் வாங்கி வைப்பது, துவாய் மாற்றுவது. அந்தக் குசினிக்கு எதிரே ஒரு வகுப்பறை இருந்தது. புதிதாக இந்த நாட்டுக்கு வந்து ஆங்கிலம் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கான வகுப்பு. நான் வேலைக்குப் போன காலத்தில் அதில் இருந்த ஒன்பது பத்துப் பிள்ளைகளும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். கொலம்பியா, சிலி என்று அவர்களுடைய நாடுகளைச் சொல்வார்கள். ஆறு வயது, ஏழு வயது இருக்கும். அவர்களுக்கு ஆங்கிலச் சொற்களைப் பழக்குவதுதான் ரீச்சரின் வேலை.

ரீச்சர் மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட கிறிஸ்தவத் தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளமை. ஒருநாள் நடையில் நின்று மகளோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். கடந்து போனவர் திரும்பி வந்து, "அக்கா, தமிழா? இத்தனை மாசமா எனக்கு குட் மார்னிங் மட்டும் சொல்லிட்டு இருந்தீங்களே" என்றார். அன்றையிலிருந்து அவருக்கு நான் அக்கா. எனக்கு அவர் ரீச்சர். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எத்தனையோ தரம் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை.

அவர் படிப்பித்த விதத்தைச் சொல்லவேண்டும். கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கச் சொன்னதை நான் ஒருநாளும் காணவில்லை. ஒரு துணிப் பைக்குள் கரண்டி, சீப்பு, பூட்டுத் திறப்பு என்று போட்டு வைத்திருப்பார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுத் தடவி, முதலில் தன் வீட்டுச் சொல்லைச் சொல்லும், பிறகு ஆங்கிலச் சொல்லைச் சொல்லும். வீட்டுச் சொல்லைத் துரத்திவிட்டு மற்றச் சொல்லைக் குடியேற்ற முடியாது என்பார். ஸ்பூன் என்பதை அந்தப் பிள்ளைகள் எல்லாரும் 'எஸ்பூன்' என்பார்கள், நாங்கள் இஸ்கூல் என்கிறதுபோல. ரீச்சர் கரண்டியைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து மேசையில் ஊர விட்டு 'ஸ்ஸ்ஸ்' என்று சீறுவார். பிள்ளைகளும் சீறும். நான் கூட்டுமாற்றோடு வாசலில் நின்று வாய்க்குள் சீறிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவர் பெரிதாக நினைத்தது அட்டைகளைத்தான். முதலில் பன்னிரண்டு சொல். தண்ணீர், கழிப்பறை, நோகுது, உதவி என்று, ஒரு பிள்ளைக்கு இல்லாமல் முடியாத சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வோர் அட்டை, படத்தைப் பிள்ளையே கீற வேண்டும். பிறகு வகுப்புக்கு வெளியே இருக்கிற ஓர் ஆளிடம் தனியாகப் போய், அந்தச் சொல்லைச் சொல்லி, அந்தச் சாமானைக் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்கிறவர் ஒரு சரி போடுவார். ஐந்து சரி விழுந்தால் அந்த அட்டை பிள்ளையின் சப்பாத்துப் பெட்டிக்குள் போகும். பன்னிரண்டும் பெட்டிக்குள் போனால் பிள்ளை சாதாரண வகுப்புக்குப் போகலாம்.

"நான் சொல்லி அவங்க திருப்பிச் சொன்னா அது கிளிப்பிள்ளை, அக்கா. தெரியாத ஆள்கிட்ட போய், பயந்து, கேட்டு, கையில வாங்கிட்டு வரணும். அப்பதான் அந்தச் சொல் அவங்களோடது" என்பார்.

அந்த வெளியாட்களில் நானும் ஒருத்தி. அலுவலகத்து அம்மா, நூலகத்து அம்மா, பிறகு குசினியில் நான். தண்ணீர், கோப்பை, பாண் துண்டு, கை துடைக்கிற துவாய் எல்லாம் என்னிடம் கேட்க வேண்டியவை. ஒரு நீலப் பேனாவை நூலில் கட்டி குளிர்ப்பெட்டிக் கைப்பிடியில் தொங்கவிட்டார். "அவங்க வாயைத் திறக்கிற வரைக்கும் கொடுக்கக்கூடாது. சிரிக்கலாம், காத்திருக்கலாம், கொடுக்க மட்டும் கூடாது. சரியா அக்கா?"

"ஓம் ரீச்சர்" என்றேன்.

இவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் என்னிடம் தந்ததில்லை. ஆனால் இதற்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் இந்த நகரத்தில் இருந்திருக்க முடியாது. நான் இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாக ஒருவரிடமும் ஒன்றும் கேட்டு வாங்கியதில்லை. ஸ்பிரிங்வேல் மீன்கடையில் விரலைக் காட்டினால் போதும், விற்கிறவரும் விரலாலேயே விலை சொல்வார். மருந்துக்கடைக்கு வெறும் பெட்டியைக் கொண்டுபோய் நீட்டுவேன். தெரியாத இடத்தில் பஸ் நின்றால் இறங்கி நடப்பேனே தவிர ஆரிடமும் வழி கேட்கமாட்டேன். கேட்காமலே சீவிக்கலாம் என்பதுதான் நான் இங்கே கண்டுபிடித்த ஒரே வித்தை.

அந்தப் பிள்ளை ஒரு குளிர்காலத்தில் வந்தாள். ஏழு வயது. தமையனின் கம்பளிச் சட்டையைப் போட்டிருப்பாள், அதன் கை அவளுடைய கைக்கு மேலால் தொங்கும். விரலை வெளியே காட்டாமல் சட்டைக்கையாலேயே எல்லாவற்றையும் பிடிப்பாள். வகுப்பில் பேசமாட்டாள். வீட்டில் ஓயாமல் கதைக்கிறாள் என்று தாய் சொன்னாளாம். இரண்டு கிழமை கழித்து ஒருநாள் அழுதழுது குசினி வாசலுக்கு வந்து நின்றாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னையறியாமல் "மேசையில இரும் பிள்ளை" என்றேன். அவள் அழுகையை நிறுத்தி, சட்டைக்கையால் மேசையைத் தொட்டு, "மேசா" என்றாள்.

கையில் இருந்த துணியை மேசையிலேயே போட்டேன். காலைக் காட்டி "சப்பாத்து" என்றேன். "சப்பாத்தோ" என்றாள். பாணைக் காட்டினேன், "பான்" என்றாள். அறையைச் சுற்றிக் கையைக் காட்டிக் "குசினி" என்றேன். "கொசினா" என்று சொல்லிச் சிரித்தாள். முன்பல் ஒன்று விழுந்து மற்றது ஆடிக்கொண்டிருந்தது. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த, ஸ்பானிஷ் மாதிரியே ஒரு பாஷை பேசினவர்கள் எங்கள் ஊரில் விட்டுவிட்டுப் போன சொற்கள் என்று ரீச்சர் பிறகு விளக்கினார். "மேசை, சப்பாத்து நாங்களும் சொல்லுவோம். குசினிதான் எனக்குப் புதுசு. பாருங்க, நான் ரெண்டு வாரமா மண்டைய உடைச்சும் சிரிக்காத பிள்ளை, உங்களைப் பார்த்துச் சிரிக்குது" என்றார். அவருக்கு அது சந்தோஷம்தான். எனக்குத்தான் தலை கனத்துப் போயிற்று. அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு நாளும் வந்தாள்.

அலுவலகத்து அம்மாவிடமும் நூலகத்து அம்மாவிடமும் அவள் கேட்க வேண்டிய சொற்கள் மெல்ல மெல்ல நிறைந்தன. காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும், ஆனாலும் சொல்கிறாள் என்றார்கள். என்னிடம் மட்டும் அவள் ஓர் ஆங்கிலச் சொல்லும் சொல்லவில்லை. பாணையும் கோப்பையையும் துவாயையும் தன் சொல்லில் கேட்டாள், அது என் சொல்லாகவும் இருந்தது. அதற்கே சரி போட்டேன். அது முதல் பிழை. தண்ணீருக்கு எங்களிடம் பொதுச் சொல் இல்லை.

விளையாட்டு நேரம் முடிந்து அட்டையோடு வந்து நின்றாள். முகம் சிவந்து, வியர்த்து, தலைமயிர் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. நான் தண்ணீர்ச் சாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் சாடியைப் பார்த்தாள். நான் சிரித்தேன், ரீச்சர் சொன்னபடி. காத்திருந்தேன். அவளுடைய உதடு காய்ந்திருந்தது. ஒருமுறை திறந்து மூடியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தால் அவர் கதிரையில் இருக்கமுதல் தண்ணீர் வந்துவிடும். வந்தவர் வாய்திறந்து தண்ணீர் கேட்கும்படி விட்டால் அது வீட்டுக்காரிக்கு வெட்கம். அப்படித்தான் நான் வளர்ந்தேன். ஒரு குழந்தை தாகத்தோடு முன்னால் நிற்க, தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு கேள் கேள் என்று பார்த்துக்கொண்டு நிற்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. வார்த்துக் கொடுத்தேன். சட்டைக்கை இரண்டாலும் கிளாஸைப் பிடித்து ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு அட்டையை நீட்டினாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியவில்லை. சரி போட்டேன்.

அடுத்த தரம் அவள் வாயைத் திறக்கப் பார்க்கவும் இல்லை. நானும் காத்திருக்கவில்லை. அப்படி ஐந்து தரம்.

"அஞ்சும் வந்திருச்சா? அக்கா, உண்மையாவே உங்ககிட்ட கேட்டாளா?" ரீச்சர் அட்டையைப் பிடித்துக்கொண்டு குசினிக்கே ஓடி வந்தார்.

"ஓம் ரீச்சர்."

"சத்தமாவா?"

"சின்னச் சத்தமாத்தான்."

இந்த இரண்டு பதிலையும் நான் சொன்னேன். வேறு ஒருவரும் என்னைக்கொண்டு சொல்விக்கவில்லை. ரீச்சர் என் கையைப் பிடித்து ஆட்டினார். அன்றைக்கு அந்த அட்டை பெட்டிக்குள் போயிற்று. பிள்ளைகள் எல்லாரும் மேசையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அடுத்த தவணை அவள் சாதாரண வகுப்புக்குப் போனாள்.

அந்தத் தவணையில் ஒருநாள் விளையாட்டுப் போட்டி வந்தது. வெளியே ஒரு மைதானத்துக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். காலையில் வெயில் அவ்வளவாக இருக்கவில்லை. பத்து மணிக்குமேல் வடக்குக் காற்று எழும்பியது. மெல்பேண் வடக்குக் காற்று அடுப்பு வாயைத் திறந்ததுபோல் வரும், இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அவளுடைய தண்ணீர்ப் போத்தல் பஸ்ஸிலேயே கிடந்துவிட்டது. புது வகுப்பு, புது ஆசிரியை. சுற்றிவர எத்தனையோ பேர், எல்லாருடைய கையிலும் தண்ணீர். அவள் ஒருவரிடமும் கேட்கவில்லை. கம்பளிச் சட்டையையும் கழற்றவில்லை. சுகமா என்று ஆசிரியை ஒருமுறை கேட்டதற்குத் தலையை ஆட்டினாளாம். மத்தியானத்துக்குப் பிறகு சீமெந்துப் படியில் இருந்து எழும்பினவள் அப்படியே மயங்கி, படிகளில் தலை அடிபட்டு விழுந்தாள்.

ஒன்றரைக் கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இடது காது இனிச் சரியாகக் கேட்காது என்றார்கள். பிறகு வீட்டிலும் பேச்சுக் குறைந்துவிட்டதாம்.

தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அதிபரின் அறையில் அதிபர், ரீச்சர், தாய், ஓர் ஓரமாக நான். மொழிபெயர்க்கிறவர் போனில். தாய் கத்தவில்லை. சப்பாத்துப் பெட்டியைத் திறந்து இந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அவள் சொன்னதைப் போனில் இருந்தவர் ஆங்கிலத்தில் சொன்னார். என் பிள்ளைக்கு இந்தச் சொல் தெரியும் என்று ஐந்து தடவை அடையாளம் போட்டிருக்கிறீர்கள், அதை நம்பித்தான் அனுப்பினேன் என்றாள். அந்த அளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். பிறகு அதிபர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். அவள் உன்னிடம் தண்ணீர் என்ற சொல்லைச் சொன்னாளா?

கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கவில்லை என்று நான் ஒருநாளும் சாட்டுச் சொல்லமாட்டேன். "யெஸ்" என்றேன்.

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு ரீச்சர் அதிபரிடம், அட்டைகளைக் கடைசியாகச் சரிபார்ப்பது தன் வேலை, பிள்ளையை அனுப்பலாம் என்று முடிவெடுத்தது தான், பிழை இருந்தால் அது தன்னுடையது என்றார். தாயின் பக்கம் திரும்பி, பிள்ளைகளிடம் பழகிக்கொண்ட ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். அது எனக்கு விளங்கவில்லை. தாய் அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். ரீச்சர் அதை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

அந்தத் தவணையோடு வகுப்பை மூடினார்கள். பிள்ளைகளை வேறு வேறு வகுப்புகளுக்குப் பிரித்துவிட்டார்கள். அறையில் இப்போது பந்துகளும் வலைகளும் அடுக்கியிருக்கிறார்கள் என்று கேள்வி. அந்தக் குடும்பம் சிட்னிக்குப் போனதாக ஒருவர் சொன்னார், நாட்டுக்கே திரும்பிவிட்டதாக இன்னொருவர் சொன்னார். ரீச்சர் நகரத்தின் மற்றக் கோடியில், ட்ருகனினாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறினார். கடைசி நாள் குசினிக்கு வந்து குளிர்ப்பெட்டியில் தொங்கிய பேனாவை அவிழ்த்து என் கையில் தந்தார். "வர்றேன் அக்கா" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். போயிட்டு வாங்கோ என்று மட்டும் சொன்னேன்.

சில வருடங்கள் கழித்து அவருக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டேன். இரண்டு ரயில், ஒரு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரயிலில் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ரீச்சர், அந்தப் பிள்ளை என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை, நான்தான் குடுத்தனான். பிள்ளைகள் சொல்லைப் பாடமாக்குவதுபோலப் பாடமாக்கினேன்.

அவர் மெலிந்து, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. என் கை தானாகப் பக்கத்தில் இருந்த சாடிக்குப் போயிற்று. கோப்பையில் வார்த்து, உறிஞ்சுகுழாயை அவர் வாயில் வைத்தேன். இரண்டு மிடறு குடித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே அக்கா."

பாடமாக்கிய வசனம் எங்கே போனதோ தெரியாது. பகிடியாகச் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா? நான் குழாயைத் துடைத்தேன். மகள் சுகமா என்று கேட்டார். பாரை மீன் விலை ஏறிவிட்டது என்று சொன்னேன். மீன் விலையைப் பற்றிக் கதைக்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். அடுத்த மாதம் அவர் இல்லை.

செத்தவீடு முடிந்து சில கிழமைகளுக்குப் பிறகு அவருடைய தங்கை எங்கள் வீட்டைத் தேடி வந்தார். சாமான்களை ஒதுக்கும்போது கிடைத்ததாம், இந்தக் கடித உறை. மேலே 'குசினி அக்காவுக்கு' என்று தமிழில் எழுதியிருந்தது. உள்ளே ஒரு வரி கடிதம்கூட இல்லை, இந்த அட்டை மட்டும்தான். முதல் பார்வையில் என் சரிகள்தான் கண்ணில் பட்டன. யன்னலடியில் கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் புள்ளிகளைக் கண்டேன்.

ரீச்சர் அட்டைகளில் பென்சிலால் புள்ளி வைப்பதை நான் முன்பும் கண்டிருக்கிறேன். பின்னேரங்களில் மேசையில் அட்டைகளைப் பரப்பி வைத்து, சிலதுக்கு வைப்பார், சிலதுக்கு வைக்கமாட்டார். நான் பக்கத்தில் குப்பைவாளியை வெறுமையாக்கிக்கொண்டு நிற்பேன். என்ன ரீச்சர் அது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத்தானே எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் நான் பழக்கிவிட்டது அதுதான்.

இப்போது இதை எழுதக் காரணம் அதுவே. அந்த வகுப்புக்கு ஆசிரியர் பயிற்சிக்காகத் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் இதை வாசிக்கக்கூடும். நான் எழுதியதில் பிழை இருந்தால் சொல்லுங்கள். பன்னிரண்டு சொல்லா பத்தா, ஐந்து கட்டமா ஆறா, பிள்ளைக்கு ஏழு வயதா ஆறா என்று சரிபார்த்துத் திருத்துங்கள். அதோடு அந்தப் புள்ளியையும் பாருங்கள். பிள்ளை இந்தச் சொல்லைச் சொன்னதை ரீச்சரும் தன் காதால் கேட்டார் என்பதற்கு அடையாளமா அது? அப்படியென்றால் அவளுக்குச் சொல் தெரிந்திருந்தது, என் சரிகள் மட்டும் அவளை விழுத்தவில்லை. இல்லை, இதில் சந்தேகம், திரும்பக் கேட்கவேண்டும் என்பதற்கு அடையாளமா? அப்படியென்றால் ரீச்சருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெரிந்துகொண்டுதான் அதிபருக்கு முன்னால் என் பிழையைத் தன் தலையில் போட்டார். எப்படி இருந்தாலும் அன்றைக்கு நான் சொன்ன 'யெஸ்' பொய். அதை ஒருவரும் சரிபார்க்கத் தேவையில்லை.

அட்டையைத் திரும்ப உறைக்குள் வைத்துவிட்டேன். கிளாஸில் தண்ணீர் இன்னும் அரைவாசிதான். எனக்கு எழுபத்திரண்டு வயது. இந்த நாட்டில் முதல்தரமாக ஆட்களிடம் வாய்திறந்து ஒன்று கேட்கிறேன். அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.